யாண்டபோ ஒப்பந்தம், 1826: எல்லையோடு கடனையும் எழுதிவைத்த சமாதானம்

காரைக்குடிப் பக்கம் பெரியவர்களிடம் பர்மாவைப் பற்றிக் கேட்டால் கதை 1941 டிசம்பரில் ஆரம்பிக்கும். ரங்கூனில் ஜப்பான்காரன் குண்டு போட்டது, கடையைப் பூட்டிச் சாவியை மடியில் முடிந்துகொண்டு கிளம்பியது, அரக்கான் மலை வழியாகவும் மணிப்பூர் வழியாகவும் கால்நடையாக வந்தது, வழியில் காலராவுக்குப் பறிகொடுத்தவர்கள் என்று போகும். இன்னும் துருவினால் வட்டிக்கடை, கிட்டங்கி, பர்மா தேக்கு வரும். அதற்கு முன்னால் யாரும் போவதில்லை. ஆனால் செட்டிநாட்டார் அந்த மண்ணில் கால் ஊன்ற இடம் கிடைத்தது ஒரு போரை முடித்து எழுதிய ஒப்பந்தத்தால். 1826 பிப்ரவரி 24 அன்று ஐராவதி ஆற்றங்கரையில் யாண்டபோ என்ற சிற்றூரில் அது கையெழுத்தானது.

இந்தியாவின் வடகிழக்கு எல்லை உருவான கதையைச் சொல்கிறவர்கள் யாண்டபோவைத் தவறாமல் சொல்வார்கள். அசாம், மணிப்பூர், அரக்கான் என்று நிலப்பரப்பை அடுக்கிவிட்டு அடுத்த போருக்குப் போய்விடுவார்கள். அந்த ஒப்பந்தத்தில் கொடுக்கல் வாங்கலுக்கென்றே ஒரு பிரிவு இருக்கிறது. அதை வைத்துப் படித்தால் செட்டிநாட்டின் பர்மாக் கதை முழுவதும் வேறு மாதிரி தெரிகிறது. இந்த ஆய்வை எழுதக் காரணம் அதுதான்.

போர் எப்படி வந்தது

1784-85இல் பர்மிய அரசர் போதொபயாவின் படை வங்காளத்தை ஒட்டிய கடற்கரை நாடான அரக்கானைப் பிடித்தது. தப்பியவர்கள் ஆயிரக்கணக்கில் கிழக்கிந்தியக் கம்பெனி ஆண்ட சிட்டகாங் பக்கம் குடியேறினார்கள். அங்கிருந்தபடியே திரும்பிப் போய்ப் பர்மியக் காவல்களைத் தாக்குவதும், பர்மியப் படை அவர்களைத் துரத்திக்கொண்டு நாஃப் ஆற்றைத் தாண்டி வருவதும் வழக்கமாகிவிட்டது. வடக்கே 1819இல் மணிப்பூரும் அடுத்த சில ஆண்டுகளில் அசாமும் பர்மியர் வசம் போயின. மணிப்பூரில் அந்த ஏழாண்டு அழிவை இன்றும் மறக்கவில்லை. 1823 செப்டம்பரில் நாஃப் ஆற்று முகத்தில் ஷாபூரி என்ற சிறு தீவில் கம்பெனிக் காவலர்களைப் பர்மியர் விரட்டியது போருக்குச் சாக்காக அமைந்தது. 1824 மார்ச் 5இல் கவர்னர் ஜெனரல் ஆம்ஹர்ஸ்ட் போர் அறிவித்தார்.

தீவு ஒரு சாக்குதான். இரண்டு அரசுகளும் விரிந்துகொண்டே போய் ஒன்றோடொன்று முட்டின. நடுவில் இருவரும் ஒப்புக்கொண்ட எல்லை என்று ஒன்றும் இல்லை.

இந்தப் போரில் நம் பக்கத்துப் பங்கு பெரியது. வங்காளச் சிப்பாய்கள் பலர் கடல் தாண்ட மறுத்தார்கள். பர்மாவுக்குப் போகச் சொன்ன உத்தரவை ஏற்காத பாரக்பூர்ப் படைப்பிரிவை 1824 நவம்பரில் கம்பெனியே சுட்டு வீழ்த்தியது. அதனால் கப்பலேறியவர்களில் பெரும்பகுதி சென்னை மாகாணச் சிப்பாய்கள். ஆளும் அரிசியும் மாடும் திரட்டி அனுப்பும் வேலையைச் சென்னை கவர்னர் தாமஸ் மன்றோ பார்த்தார். 1801 அக்டோபரில் மருது சகோதரர்களைத் திருப்பத்தூரில் தூக்கிலிட்டுச் சிவகங்கைச் சீமையை அடக்கியதும் இதே சென்னைப் படைதான். உள்நாட்டில் எதிர்ப்பு அடங்கியதால்தான் அந்தப் படையைக் கடல் தாண்டி அனுப்ப முடிந்தது.

1824 மே மாதம் ஏறத்தாழ 11,000 பேருடன் ஆர்ச்சிபால்ட் கேம்பெல் ரங்கூனில் இறங்கினார். ஊர் காலி. மக்களையும் தானியத்தையும் ஆற்றுப் படகுகளையும் பர்மிய அதிகாரிகள் அப்புறப்படுத்தியிருந்தார்கள். இறங்கிய கையோடு மழை பிடித்துக்கொண்டது. கெட்டுப்போன இறைச்சியும் பூசணம் பிடித்த ரொட்டியுமாகப் பல மாதம் அடைபட்டுக் கிடந்தார்கள். காய்ச்சலும் வயிற்றுக்கடுப்பும் கொண்டுபோயின. போர் முழுவதிலும் கம்பெனி இறக்கிய சுமார் 40,000 பேரில் 15,000 பேர் மாண்டார்கள், பெரும்பாலும் நோயில். அதில் எத்தனை பேர் நம் மாவட்டத்து வீட்டுப் பிள்ளைகளோ. அவர்களுக்கென்று ஒரு நடுகல்கூட இங்கே நான் கண்டதில்லை.

பர்மியப் பக்கத்தில் மகா பண்டுலா மாபெரும் தளபதி. சிட்டகாங் பக்கத்து ராமுவில் கம்பெனிப் படையை முறியடித்தவர், ரங்கூன் போன செய்தி கேட்டுக் கொட்டும் மழையில் அரக்கான் மலையைக் கடந்து படையைக் கொண்டுவந்தார். 1825 ஏப்ரல் 1 அன்று தனுபியூக் கோட்டையில் குண்டு பட்டு இறந்தார். அதன்பின் பர்மியப் படைக்கு நிமிர்வில்லை. ஐராவதிக் கரை நகரான ப்ரோமும் கைவிட்டுப் போயிற்று. 1826 ஜனவரித் தொடக்கத்தில் மலூனில் ஓர் ஒப்பந்தம் எழுதினார்கள். அரசரின் ஒப்புதல் வரவில்லை என்று கேம்பெல் மறுபடி தாக்கினார். தலைநகர் ஆவாவுக்குச் சில நாள் நடைத் தொலைவில் யாண்டபோவில் படை வந்து நின்றபோது அரசர் பாஜிடாவுக்கு வேறு வழியில்லை. ஒற்றன் என்று சந்தேகித்து ஆவா சிறையில் அடைத்து வைத்திருந்த அமெரிக்கப் பாதிரியார் அடோனிராம் ஜட்சனையே பர்மிய அரசு பேச்சுவார்த்தைக்கு மொழிபெயர்க்க அழைத்தது.

என்ன எழுதினார்கள்

மொத்தம் 11 பிரிவுகள், தவணைகளுக்குத் தனியாக ஒரு கூடுதல் பிரிவு. அசாம், கச்சார், ஜயந்தியா மீது பர்மிய அரசர் இனி உரிமை கோரமாட்டார். மணிப்பூர் அரச குடும்பத்துக் கம்பீர் சிங் நாடு திரும்பினால் அவரை அரசராக ஒப்புக்கொள்ள வேண்டும். அரக்கான் முழுவதும் கம்பெனிக்கு. அரக்கான் மலைத்தொடர் எல்லை. தெற்கே யே, தாவாய், மெர்குய், தெனாசரிம் கம்பெனிக்கு. அங்கே சால்வீன் ஆறு எல்லை. போரில் எந்தப் பக்கம் நின்றிருந்தாலும் அதற்காக யாரையும் தண்டிக்கக்கூடாது. இரு தரப்பும் தூதர் வைத்துக்கொள்ளலாம், வணிக ஒப்பந்தம் பிறகு.

இழப்பீடு 1 கோடி ரூபாய். முதல் 25 லட்சம் கைக்கு வந்ததும் படை ரங்கூனுக்குத் திரும்பும். 100 நாளில் அடுத்த 25 லட்சம். அது கிடைத்ததும் படை நாட்டை விட்டு வெளியேறும். மீதி இரண்டு ஆண்டில் இரண்டு தவணை. ஆவா அரசவை இந்தப் பணத்தை அரண்மனைக் கருவூலத்திலிருந்தும் குடிகளிடமிருந்தும் திரட்டியது. கடைசித் தவணை 1830கள் வரை இழுத்தது. போரில் தோற்ற அவமானத்தைவிட இந்தக் கடன்தான் அந்த அரசை உள்ளிருந்து அரித்தது என்பது என் எண்ணம்.

8ஆம் பிரிவு

இந்தப் பிரிவை நிதானமாகப் படிக்க வேண்டும். போருக்கு முன் இரு அரசுகளுக்கு நடுவிலோ, இரு நாட்டுக் குடிகளுக்கு நடுவிலோ இருந்த கடன்கள் எல்லாம், போரே நடக்காதது போல, அதே நேர்மையோடு ஒப்புக்கொள்ளப்பட்டுத் தீர்க்கப்படும் என்கிறது. கடன் பட்டு எத்தனை காலம் ஆயிற்று என்பதையோ, நடுவில் போர் வந்ததையோ காரணம் காட்டி யாரும் ஆதாயம் தேடக்கூடாது என்கிறது. பர்மாவில் ஒரு பிரிட்டிஷ் குடி வாரிசு அருகில் இல்லாமல் இறந்தால், அவர் சொத்து பிரிட்டிஷ் பிரதிநிதியிடம் ஒப்படைக்கப்படும். இந்தியாவில் இறக்கும் பர்மியக் குடியின் சொத்துக்கும் அதே முறை.

கொடுக்கல் வாங்கலில் புழங்கியவர்களுக்கு இது எவ்வளவு பெரிய சங்கதி என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. காலாவதி என்று சொல்லித் தப்ப முடியாது, போர் என்று சொல்லித் தப்ப முடியாது, ஆள் செத்தால் பெட்டியை அந்த ஊர் அதிகாரி எடுத்துக்கொள்ள முடியாது. பரதேசத்துக்குக் கொண்டுவிற்கப் போகிறவன் ராத்திரி தூங்காமல் கவலைப்படும் மூன்று சங்கதியும் இதுதானே. இதை எழுதியது நாட்டுக்கோட்டைச் செட்டியார்களான நகரத்தாருக்காக அல்ல. ரங்கூனிலும் ஆவாவிலும் ஏற்கெனவே இருந்த ஆங்கிலேய, ஆர்மீனிய, முஸ்லிம் வணிகர்களுக்காக. ஆனால் கடன் எல்லையைத் தாண்டியும் உயிரோடு இருக்கும் என்ற எண்ணத்தை அந்த மண்ணில் எழுத்தில் வைத்தது இது.

எழுதாமல் விட்ட பள்ளத்தாக்கு

எல்லையிலும் ஓர் ஓட்டை இருந்தது. மணிப்பூருக்கும் சிந்த்வின் ஆற்றுக்கும் நடுவே கபாவ் பள்ளத்தாக்கு. கம்பீர் சிங்கை ஒப்புக்கொண்டார்களே தவிர, அவர் நாடு எதுவரை என்று ஒப்பந்தம் சொல்லவில்லை. இருவரும் உரிமை கொண்டாடினார்கள். 1830இல் ஆவாவுக்குத் தூதராகப் போன ஹென்றி பர்னி ஆவணங்களைப் பார்த்துப் பர்மியர் பக்கம் நியாயம் இருக்கிறது என்று எழுதினார். 1834இல் பள்ளத்தாக்கு ஆவாவுக்கே போனது. மணிப்பூர் அரசருக்கு ஈடாகக் கம்பெனி மாதம் 500 ரூபாய் கொடுத்தது. மலையடிவாரத்தோடு கோடு நின்றது. இந்தப் பக்கம் இன்றைய மோரே, அந்தப் பக்கம் தமு.

சால்வீனின் இக்கரை

தெற்கே எல்லையான சால்வீன் கடலில் சேரும் இடத்தில் மேற்குக் கரையில் மார்த்தபான், அது பர்மிய அரசருடையது. எதிர்க்கரையில் கம்பெனி எழுப்பிய ஊர் மௌல்மீன். 1852 வரை இதுதான் நிலை. மேலே காட்டில் வெட்டிய தேக்கு அந்த எல்லை ஆற்றிலேயே மிதந்து வந்து மௌல்மீனில் கரையேறியது. கப்பல் கட்டினார்கள், ஏற்றுமதி செய்தார்கள். தேக்கு வாங்க முன்பணம், கப்பலுக்குச் சரக்கு, சிப்பாய்க்கும் கூலிக்கும் சில்லறைக் கடன் என்று பணத்துக்குத் தேவை வந்தது. படையோடும் கூலியாட்களோடும் சேர்ந்தே நகரத்தார் சிலர் தெனாசரிமுக்கு வந்ததாகச் சொல்வதுண்டு. 1850 வாக்கில் மௌல்மீனில் முதல் வட்டிக்கடை நிலையாக அமைந்தது என்று பொதுவாகக் குறிப்பிடுகிறார்கள்.

அப்புறம் நடந்தது வேகம். 1852இல் இரண்டாம் போர். கீழ்ப்பர்மாவைக் கவர்னர் ஜெனரல் டல்ஹௌசி ஒப்பந்தமே இல்லாமல் சேர்த்துக்கொண்டார். 1885இல் மூன்றாம் போர். 1886 ஜனவரி 1 அன்று அரசும் போயிற்று. நடுவில் 1869இல் சூயஸ் திறந்ததும் ஐரோப்பாவுக்கு அரிசி போகத் தொடங்கியது.

நிலம் கைக்கு வந்த விதம்

கீழ்ப்பர்மாச் சதுப்பில் காடு வெட்டி 12 ஆண்டு உழுது வரி கட்டியவனுக்கு நிலம் சொந்தம் என்றது 1876இன் நிலவருவாய்ச் சட்டம். சொந்தமானால் விற்கலாம், அடகு வைக்கலாம். ஆங்கிலேய வங்கிகள் வயலுக்குப் போகவில்லை, நகரத்தார் போனார்கள். முதலாளி செட்டிநாட்டில் இருப்பார், கடையை நடத்தும் மேலாள் மூன்றாண்டுக் கணக்குக்குக் கப்பலேறுவார், உதவிக்கு அடுத்தாளும் பெட்டியடிப் பையனும் கூடப் போவார்கள். ரங்கூன் மொகல் தெருவில் கோயில், கோயிலில் மாதாமாதம் கூடி நடப்பு வட்டி முடிவு செய்வார்கள். பத்து லட்சம் ஏக்கருக்கும் குறைவாக இருந்த கீழ்ப்பர்மா நெல் வயல் 1930கள் வரும்போது ஏறத்தாழ 1 கோடி ஏக்கர். 1929-30இல் பர்மா மாகாண வங்கி விசாரணைக் குழு கணக்கெடுத்தபோது 1,650 செட்டியார் கடைகள், சுமார் 75 கோடி ரூபாய் முதல்.

அந்த ஆண்டோடு நெல் விலை சரிந்தது. கடன் திரும்பவில்லை, அடகு மூழ்கியது. கீழ்ப்பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் 1930இல் நூற்றுக்கு 6 பங்கு நிலம் நகரத்தார் பெயரில் இருந்தது. 1938இல் 25 பங்கு. நிலத்தை அவர்கள் விரும்பி வாங்கவில்லை, பணத்துக்குப் பதிலாக வந்தது என்று இங்கே சொல்வார்கள். அது உண்மை. தாத்தா வெட்டித் திருத்திய வயலில் குத்தகைக்காரனாக நின்றவனுக்கு அந்த உண்மையால் என்ன ஆறுதல்? இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும். 1930 டிசம்பரில் எழுந்த சயா சான் தலைமையிலான உழவர் கிளர்ச்சியின் கோபத்தில் வரிக் கொடுமையோடு இந்த நிலக் கோபமும் கலந்திருந்தது.

கானாடுகாத்தானுக்குப் பக்கத்து ஊர் ஒன்றில் ஓர் ஆச்சி தகரப் பெட்டியிலிருந்து எடுத்துக் காட்டிய அடமானப் பத்திரம் இன்னும் கண்ணில் நிற்கிறது. முத்திரைத்தாள் மடிப்பில் கிழிந்து, உள்பக்கம் துணி ஒட்டியிருந்தது. மேலே ஆங்கிலம், கீழே வட்ட வட்டமாய்ப் பர்மிய எழுத்து, ஓரத்தில் தமிழில் விலாசக் கையெழுத்து, அதாவது கடையின் பெயரெழுத்துகள். வயல் எந்த மாவட்டம், எந்த 'குவின்', என்ன எண் என்று வரிசையாக இருந்தது. குவின் என்பது அங்கே நில அளவைப் பிரிவு. கடன் வாங்கியவர்கள் இடத்தில் இரண்டு கட்டைவிரல் ரேகை, கணவனுடையதும் மனைவியுடையதும். மனைவியின் ரேகை சின்னது, கொஞ்சம் சாய்ந்து விழுந்திருந்தது.

"எங்க ஐயா எழுதி வாங்குனது தம்பி. வயலு பியாப்பூன் பக்கமாம். இந்தப் பத்திரத்தை இப்ப யாருகிட்டக் கொண்டுபோய்க் காட்டுறது?" என்றார்.

"காட்ட இடமில்லை ஆச்சி. ஆனா தூக்கிப் போட்டுறாதீங்க" என்று மட்டும்தான் சொல்ல முடிந்தது.

கோடு மட்டும்

1937 ஏப்ரல் 1 அன்று பர்மா இந்தியாவிலிருந்து தனியாகப் பிரிந்தது. ஒரே ஆட்சிக்குள் கொடுத்த கடன் ஒரே நாளில் அயல்நாட்டுக் கடனானது. 1942இல் ஜப்பான். 1948 ஜனவரி 4இல் விடுதலை. அந்த ஆண்டே நில தேசியமயச் சட்டம். உழுகிறவனுக்கு நிலம் என்ற அதன் நோக்கத்தில் எனக்குக் கருத்து வேறுபாடு கிடையாது. இழப்பீடு என்று சட்டத்தில் எழுதியது எதிர்பார்த்த அளவில் கைக்கு வரவில்லை என்பதுதான் இங்கே குறை. 1962இல் படைத் தளபதி நே வின் ஆட்சியைப் பிடித்தார். 1963இல் வங்கிகளும் 1964இல் கடைகளும் அரசுடைமையாயின. அதே ஆண்டு மே மாதம் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்றார்கள். 1960களில் சுமார் 3 லட்சம் இந்தியர் வெளியேறினார்கள். அவர்களில் நகரத்தார் சிறுபான்மை. இராமநாதபுரம், சிவகங்கை, புதுக்கோட்டைச் சீமையிலிருந்து போய் வயலிலும் துறைமுகத்திலும் உழைத்தவர்களும் அவர்கள் பிள்ளைகளுமே அதிகம். காரைக்குடி பர்மா காலனியின் கதை இந்தக் குடும்பங்களோடுதான் சேர்ந்தது.

திரும்பியவர்களில் சிலருக்கு இங்கே ஒட்டவில்லை. பிறந்த ஊருக்கே போய்விடலாம் என்று மணிப்பூர் வழியாகத் தரை மார்க்கமாகக் கிளம்பினார்கள். பர்மியக் காவலர் விடவில்லை. எல்லையிலேயே, 1834இல் கபாவ் பள்ளத்தாக்குக்காகக் கோடு நின்ற அதே மலையடிவாரத்தில், மோரேயில் தங்கிவிட்டார்கள். அங்கே அங்காளபரமேஸ்வரிக்குக் கோயில் கட்டினார்கள், தமிழ்ச் சங்கம் வைத்தார்கள், எல்லை வணிகம் செய்தார்கள்.

1967 மார்ச் 10 அன்று ரங்கூனில் இந்தியாவும் பர்மாவும் எல்லை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. யாண்டபோவும் அதற்குப் பின் வந்த ஏற்பாடுகளும் விட்டுப்போன கோடு இப்போது முறையாக வரையறுக்கப்பட்டது. எந்த முகடு, எந்த ஓடை, எந்தத் தூண் என்பதுதான் அதன் வேலை. நட்பு நாடுகள் சண்டையில்லாமல் எல்லையைத் தீர்த்துக்கொண்டது நல்ல காரியம், அதைக் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் 1826இல் துப்பாக்கி முனையில் எழுதியவர்களுக்குத் தோன்றியது, தனியார் கடனுக்கும் செத்தவன் சொத்துக்கும் ஒரு பிரிவு வேண்டும் என்பது, சமாதானமாக உட்கார்ந்து எழுதிய எல்லை ஒப்பந்தத்தில் இடம்பெறவில்லை. கடன் கொடுத்தவன் பக்கம் மட்டும் சொல்லவில்லை. அப்படி ஒரு பிரிவு இருந்திருந்தால் பியாப்பூன் வயலைக் கடனுக்கு இழந்த அந்தத் தம்பதியின் பேரப்பிள்ளைகளுக்கும் கணக்கு நேராகியிருக்கும். எவ்வளவு வாங்கினார்கள், எவ்வளவு கட்டினார்கள், எவ்வளவு மிச்சம் என்று ஒரு மேசையில் வைத்துப் பார்த்திருப்பார்கள்.

கைவசம் மிஞ்சியிருப்பது காகிதம். பழைய வீடு பிரிக்கும்போது தூணுக்கும் கதவு நிலைக்கும் விலை பேசுகிறார்கள், பேரேடு எடைக்குப் போகிறது. கோட்டையூர் ரோஜா முத்தையா தன் வீட்டில் சேர்த்துவைத்த அச்சுப் புத்தகங்களும் இதழ்களும்தான் இன்று சென்னையில் அவர் பெயரில் ஆராய்ச்சி நூலகமாக நிற்கின்றன. அது போலப் பர்மாப் பத்திரங்களுக்கும் யாராவது முன்வர வேண்டும். அதுவரை வீட்டில் இருப்பவர்கள் செய்யக்கூடியது சுலபம். பத்திரத்தை விரித்து இரண்டு பக்கமும் கைபேசியில் படம் எடுங்கள். மாவட்டம், குவின் பெயர், எண், தேதி, தொகை, விலாசம் இந்த ஆறையும் ஒரு நோட்டில் குறியுங்கள். பர்மிய எழுத்தில் இருக்கும் பெயர்களைப் படிக்கப் பர்மாவிலிருந்து வந்த பெரியவர்கள் சிலர் இன்னும் இருக்கிறார்கள். முதலில் அந்தப் பெயர்களை அவர்களிடம் கேட்டு எழுதி வாங்கிவிடுங்கள்.